கிருச்சாவுக்கு வரும் வழி

கிருச்சா
ஏப்ரல் 9, 2025

அன்புள்ள ஒரிஸ்யாவுக்கு அத்தை வசிலினா எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். கை, கால், காது எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இந்த ஊரில் இப்போது நலம் என்றால் அவ்வளவுதான். அங்கே பார்துபிட்ஸேயில் நீயும் அம்மாவும் உன் லுக்யானும் சுகம் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய செய்தி நான்கு நாள் கழித்துத்தான் என் போனுக்கு வந்தது. நான் வேலை செய்யும் மருத்துவ நிலையத்துக்குப் பின்னால், உடைந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் சில சமயம் சிக்னல் கிடைக்கும். அங்கே அதிக நேரம் நிற்கத்தான் முடியாது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். ரொட்டி வண்டி ஓட்டும் யுஹீம் வாரத்தில் இரண்டு முறை வருகிறான், மாவட்டத் தபால் நிலையத்தில் சேர்த்துவிடுவான்.

மே 24 கல்யாணம், அதற்கு முன்னால் அப்பாவின் கல்லறையில் நின்று ஆசீர்வாதம் கேட்க வேண்டும் என்கிறாய். தகப்பன் இல்லாத மணப்பெண் செய்ய வேண்டியதைத்தான் நீயும் கேட்கிறாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நீங்கள் மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு பையோடு கிளம்பிப் போன கிருச்சா இது இல்லை. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் எதிரிகளுக்கு நம் தெரு முழுக்கத் தெரிகிறது. அவர்களுடைய ட்ரோன்களுக்கு வேலை இல்லாத நாளில் நாய், கோழி, சைக்கிள் எதையும் விடுவதில்லை. பிடிவாதத்தில் நீ அப்பனை உரித்து வைத்தவள் என்று எனக்குத் தெரியும். எப்படியும் கிளம்புவாய். கிளம்பினால் நான் சொல்கிறபடி வா.

பெரெமிஷ்லில் எல்லை தாண்டும்போது வரிசை நீளமாக இருக்கும். சாப்பாடு கையில் வைத்துக்கொள். கீவ் ரயிலிலும் அதற்குப் பிறகு மிகலாயிவ் ரயிலிலும் கீழ்ப் படுக்கைதான் வாங்க வேண்டும். ஜன்னல் திரையை இறக்கிவிடு. காலணியோடு தூங்கு. நடத்துனர் அம்மா இறங்கு என்றால் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்காதே, பையையும் எடுக்காதே, இறங்கு. பாஸ்போர்ட்டும் ரத்த வகை எழுதிய சீட்டும் உடம்போடு இருக்கட்டும்.

மிகலாயிவில் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே. நிலையத்துக்கு எதிரே மினிபஸ் நிற்கும். பளிச்சென்று வெயில் அடிக்கிற நாளில் ஏறவே ஏறாதே. மழை, பெருங்காற்று, பனிமூட்டம், இவைதான் நமக்கு நல்ல நாள். கல்யாண வீட்டுக்காரர்கள் வெயில் வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். நீ மூட்டம் வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வா. மாவட்ட ஊரில் இறங்கி, ரொட்டிக் கடை வாசலில் யுஹீமுக்காகக் காத்திரு. அங்கிருந்து இங்கே வர அவன் வண்டியைத் தவிர வேறு வழி கிடையாது.

சாலைக்கு மேலே பந்தல் போட்ட மாதிரி மீன்பிடி வலை கட்டியிருக்கிறார்கள், ட்ரோன் சிக்கிக்கொள்ள. வலை கிழிந்திருக்கும் இடங்களில் யுஹீம் பேய் பிடித்தவன் மாதிரி ஓட்டுவான். அப்போது பேச்சுக் கொடுக்காதே. அவன் சட்டைப்பையில் ட்ரோன் வருவதைச் சொல்லும் ஒரு சின்னக் கருவி இருக்கும். அது கத்தினால் வண்டியை நிறுத்திவிட்டுக் குதிப்பான், நீயும் குதி, அவன் பின்னாலேயே மரத்தடிக்கு ஓடு. மற்றபடி தார் ரோட்டை விட்டுப் புல்லில் கால் வைக்காதே. கீழே கிடப்பது பொம்மையானாலும் பேனாவானாலும் தொடாதே. வயலெல்லாம் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கண்ணாடி இழை கிடக்கும், அது ட்ரோன் இழுத்துக்கொண்டு வந்தது. அதையும் தொடாதே.

லுக்யானோடு நிற்கும் படத்தில் ஒரு சிவப்பு மேலுடை போட்டிருக்கிறாயே, அழகாகத்தான் இருக்கிறது. அதைக் கொண்டுவராதே. மண் நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள். கையில் ரொக்கம் வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் அட்டையை நீட்டினால் சிரிப்பார்கள். போனுக்கு மின்னூட்டும் பெட்டி இரண்டு, ரத்தம் நிறுத்தக் கட்டும் பட்டை இரண்டு கொண்டு வா. ஒன்று உனக்கு, ஒன்று பக்கத்தில் இருப்பவருக்கு. எப்படிக் கட்டுவது என்று அங்கேயே யாரிடமாவது பழகிவிட்டு வா. சோதனைச் சாவடியில் படம் எடுக்காதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல். உன் வாயை நான் அறிவேன்.

என் வீட்டில் மேல் அறைக்குக் கூரை இல்லை. நாம் நிலவறையில்தான் தூங்குவோம். பக்கத்து வீட்டு கிந்த்ராத் மாமாவும் அங்கேதான் இருக்கிறார், உனக்கு நினைவிருக்கும், ட்ராக்டர் ஓட்டியவர். நீ வருகிறாய் என்றதும், "மாப்பிள்ளையும் கூட வர்றானா, இல்ல இப்பவே தப்பிச்சு ஓடிட்டானா?" என்று கேட்டார். எழுபத்தாறு வயதில் அவருக்கு மிச்சம் இருப்பது அந்த வாய் ஒன்றுதான்.

கல்லறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நன்றாகத்தான் இருக்கிறது. படங்களில் பார்த்தாயே.

எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்தேன். புத்தியுள்ள எந்தப் பெண்ணும் இதைப் படித்ததும் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடுவாள். நீ கிழித்துப் போட்டால் அத்தை ஒரு சொல்கூடக் குறை சொல்ல மாட்டேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு அத்தை,
வசிலினா


கிருச்சா
ஏப்ரல் 23

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், ஒரிஸ்யா.

மூன்று நாளாக இங்கே யாரும் இதை உரக்கச் சொல்லவில்லை. நிலவறையில் நானும் கிந்த்ராத் மாமாவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஈஸ்டருக்கான பாஸ்கா ரொட்டி மாவட்டத்திலிருந்து யுஹீம் கொண்டுவந்தான், ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. முட்டைக்கு வெங்காயத் தோலில் நிறம் ஏற்றினேன்.

நீ டிக்கெட்டைக் கிழிக்கவில்லை. மே ஆறாம் தேதி காலை மிகலாயிவ் வந்து சேர்கிறாயாம். உன் செய்தியை ஐந்தாறு முறை படித்துவிட்டேன். எனக்குத் தொந்தரவு வேண்டாம், நான் வீட்டிலேயே இருக்கலாம், கல்லறைக்கு நீ தனியாகவே போய் வருவாய் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு ஒரு காரணமும் சொல்லியிருக்கிறாய்: "வருஷா வருஷம் நீங்க போய் சிலுவைக்கு வர்ணம் அடிச்சிட்டுத்தானே வர்றீங்க அத்தை? அம்பத்தாறு வயசுல நீங்க போற பாதையில நான் போகக் கூடாதா?"

அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரிஸ்யா, போகக் கூடாது. ஏன் என்று இப்போது கேட்காதே. நான் போவது வேறு, நீ போவது வேறு. பாதை மாறிவிட்டது. மண் சரிந்துவிட்டது. இராணுவம் விடுவதில்லை. இதில் எது உனக்குப் போதுமோ அதை எடுத்துக்கொள்.

அம்மா என்ன செய்கிறாள்? லரீசா அண்ணி இதற்கு எப்படிச் சம்மதித்தாள்? அவள் கண்ணீர் விட்டால் நீ கேட்பாய் என்று நினைத்தேன். அவளே உனக்குப் பூத்தையல் துண்டு வாங்கிக் கொடுத்து, சிலுவையில் கட்டிவிட்டு வா என்று சொன்னாளாமே. கணவன் பேரில் அவ்வளவு பிரியம். அண்ணிக்கு நான் என்ன சொல்ல முடியும்?

உனக்கு ஒரு யோசனை சொல்கிறேன். வருகிற ஞாயிறு எல்லாரும் கல்லறைக்குப் போகும் நாள். நான் போகிறேன். உன் பெயரைச் சொல்லி, லுக்யான் பெயரையும் சொல்லி, அண்ணனிடம் நானே கேட்கிறேன். தகப்பனுடைய கூடப் பிறந்தவள் கேட்டால் செல்லாதா? படமும் எடுத்து அனுப்புகிறேன். அதைக் கல்யாண மேசையில் வைத்துக்கொள். நீ அங்கேயே இரு. கல்யாண ரொட்டி சுட ஆள் பார்த்தாகிவிட்டதா, துணி தைத்தாகிவிட்டதா, அதையெல்லாம் கவனி. கெஞ்சிக் கேட்கிறேன். வாழ்க்கையில் உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை.

அத்தை


கிருச்சா, நிலவறை
மே 4

ஒரிஸ்யா,

இந்தக் கடிதம் பார்துபிட்ஸேக்கு வராது. நீ இப்போது ரயிலில் இருக்கிறாய். நேற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் சிக்னல் வந்தபோது உன் செய்தி வந்தது, "கிளம்பிட்டேன்" என்று. பதில் அடிப்பதற்குள் போய்விட்டது. இன்று இரண்டு முறை போய் நின்றேன், கிடைக்கவில்லை. யுஹீமின் வண்டி வியாழக்கிழமை எரிந்துபோனது, அவன் பிழைத்துக்கொண்டான். இன்று ஓடைப்பள்ளம் வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறான், மிகலாயிவில் இருக்கும் மகள் வீட்டுக்கு. ஆறாம் தேதி காலை உன் ரயிலுக்கு நிற்பதாகச் சத்தியம் செய்திருக்கிறான். உன் படத்தைக் கொடுத்திருக்கிறேன். ஆகவே இதை நீ நடைமேடையில் நின்று படித்துக்கொண்டிருக்கிறாய். முதலில் பெஞ்சில் உட்கார். மினிபஸ்ஸில் ஏறாதே. முழுக்கப் படித்து முடிக்கும்வரை நிலையத்தை விட்டு வெளியே போகாதே.

உன் அப்பாவின் கல்லறைக்கு நான் மூன்று வருடமாகப் போகவில்லை.

எழுதிவிட்டேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டதும் ஒவ்வொரு முறையும் தைரியம் போய்விடும்.

2023 வசந்தத்தில் வர்ணப் பெட்டியும் தூரிகையும் எடுத்துக்கொண்டு போனேன். கல்லறைத் தோட்ட வாசலில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். எதிரிப் படை பின்வாங்கும்போது அந்தக் கல்லறைச் சரிவு முழுக்கக் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போயிருக்கிறது. எடுக்க வரும் ஆட்களும் அங்கே வேலை செய்ய முடியாது, அந்தக் கரையிலிருந்து நேராகத் தெரியும் இடம். திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் நீ அழைத்தாய். புதிய ஊர், பாஷை தெரியாது, தொழிற்சாலையில் இரவு வேலை, அழுதுகொண்டே கேட்டாய், அப்பா சிலுவைக்கு வர்ணம் அடிச்சாச்சா அத்தை என்று. அடித்தாகிவிட்டது என்று சொன்னேன். படம் அனுப்பச் சொன்னாய். அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

மருந்து வாங்க நான் வாரம் ஒரு முறை யாஸ்னேக்குப் போவேன், உனக்குத் தெரியும், ஆற்றிலிருந்து இருபது கிலோமீட்டர் உள்ளே. அந்த ஊர்க் கல்லறையின் ஓரத்தில் ஒரு வரிசை இரும்புச் சிலுவைகள் இருக்கின்றன. அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்டவர்கள். பெயர் இல்லை, எண் மட்டும். அண்ணன் பெயரைத் தகரத் தகட்டில் எழுதிக் கொண்டுபோய், பதினேழாம் எண் சிலுவையில் கம்பியால் கட்டினேன். எண்ணை மறைத்துக்கொண்டு தகடு பொருத்தமாக உட்கார்ந்தது. நீலம் அடித்தேன். படம் எடுத்தேன். தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வருடமும் அதையேதான் செய்தேன். பக்கத்தில் அகாசியா மரம் எங்கே என்று நீ கேட்டாய், குண்டு விழுந்து முறிந்துவிட்டது என்றேன். நினைவிருக்கிறதா? அந்த மரம் நிற்கிறதா விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பதினேழுக்கு முட்டையும் ரொட்டியும் வைத்துவிட்டுத்தான் வருவேன். யாரோ பெற்ற பிள்ளை, பொய்க்கு இடம் கொடுத்தவன், அவனுக்கு அதுகூடச் செய்யாமல் எப்படி வருவது.

போன ஞாயிறு உனக்கு வாக்குக் கொடுத்தபடி படம் எடுக்கப் போனேன். தகட்டைக் கட்டிவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். யாஸ்னே ஊராட்சி எழுத்தரோடு ஒரு பெண்மணி வந்தாள். கறுப்புத் தலைத்துணி, கையில் கூடை, கக்கத்தில் துணி சுற்றிய ஒரு மரப்பலகை. எழுத்தர் முனையிலிருந்து சிலுவைகளை எண்ணிக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றார். பதினேழு என்றார். அவள் குனிந்து தகட்டைப் படித்தாள். தெம்யான் கொவ்பான். இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு நிமிர்ந்து சிரித்தாள், ஒரிஸ்யா. அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"இது வேற யாரோ. பதினேழு என் பையன்னு ரத்தப் பரிசோதனையில தப்பா சொல்லிட்டாங்க. அப்போ என் பையன் உசுரோட இருக்கான்" என்றாள்.

எழுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். அவளை விட்டுவிடலாமா என்று எனக்கும் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போகட்டும், நம்பிக்கொண்டிருக்கட்டும். அவள் வாசல் வரை போய்விட்டாள். அப்புறம் ஓடினேன். ஓடிப்போய் அவள் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றி, சிவப்புப் பலகையைப் பற்றி, தகட்டைப் பற்றி. சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்து சிரிப்பு போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெயர் உல்யானா, பொல்தாவா பக்கம் ஏதோ கிராமம். பையன் பெயர் நசார், இருபத்து மூன்று வயது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவளே எழுந்து போய்த் தகட்டின் கம்பியைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை, நான் பிரித்தேன். பையன் பெயர் எழுதிய அவள் பலகையை இருவரும் சேர்ந்து கட்டினோம். போகும்போது என்னிடம் கேட்டாள்:

"அந்தப் பொண்ணுகிட்ட இன்னும் சொல்லலையா நீ?"

இல்லை என்றேன்.

"சொல்லிடு. நான் சிரிச்ச மாதிரி அவளும் இங்க வந்து சிரிச்சுட்டு நிக்கறதுக்குள்ள சொல்லிடு."

அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நீ வந்ததும் யாஸ்னேயிலேயே நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு நேரில் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல மூட்டம். எதிர்வீடுகூடத் தெரியவில்லை. நான் மருத்துவ நிலையத்தில் கட்டுத்துணி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கல்லறை மேட்டுப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. கிந்த்ராத் மாமாவை நிலவறையில் காணோம். அவர் மனைவி மோத்ர்யா அத்தை ஐந்து வருடமாக அந்தச் சரிவில்தானே படுத்திருக்கிறாள். நிறம் ஏற்றிய முட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். மூட்டம் ட்ரோனுக்கு மட்டும்தான் கண்ணைக் கட்டும். புதைத்து வைத்ததற்கு மூட்டம் தெரியாது.

வாசலைத் தாண்டிப் பத்தடி போயிருந்தார், அவ்வளவுதான். நல்ல வேளை, தானே ஊர்ந்து பலகைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். இடது பாதம் இல்லை. பட்டையை இறுக்கினேன், யுஹீமும் நானும் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தோம். ஏன் போனீர்கள், பலகை கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விளக்கத் தெரியவில்லை.

"நீதான் வருஷா வருஷம் போய்ட்டு வர்றியேம்மா. பலகை சும்மா பயமுறுத்த வெச்சதுன்னு நினைச்சேன். நீ போற தடமாத்தான் பார்த்துப் போனேன்" என்றார்.

அவருக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? உன் அம்மா ஜெர்மனியில் இருக்கும் அவர் மகளிடம் படங்களைக் காட்டியிருக்கிறாள், வசிலினா எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் பார் என்று. மகள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதே. அவள் நல்லதைத்தான் சொன்னாள். அந்தப் பாதத்தை எடுத்தது என் பொய்.

மகளே, இப்போது புரிகிறதா? நீயும் அந்தத் தடத்தைத்தான் தேடி வருகிறாய். அப்படி ஒரு தடமே கிடையாது. எந்தக் காலத்திலும் இல்லை. போன மாதம் ஒரு சிப்பாய்ப் பையனிடம் கெஞ்சி, மேலிருந்து எடுத்த படத்தை அவன் கருவியில் பார்த்தேன். சரிவு முழுக்கக் குழி. சிலுவைகள் பாதி சாய்ந்து, பாதி இல்லாமல். நம்முடையது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினான், நானும் தேடிக்கொண்டே இருந்தேன். அண்ணன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று கூடப் பிறந்த எனக்கே தெரியவில்லை.

நான் மிகலாயிவுக்கு வந்திருக்க வேண்டும் என்று நினைப்பாய். யுஹீமோடு நடந்து வந்திருக்கலாம். கிந்த்ராத் மாமாவுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து வானம் ஒரு பொட்டு மேகம் இல்லாமல் கிடக்கிறது, வண்டி எதுவும் உள்ளே வர மாட்டேன் என்கிறது. அவரை விட்டுவிட்டு எப்படி வருவேன்? அவர் இன்னும் கேலி செய்கிறார். கல்யாணத்துக்கு ஒரு செருப்பு போதும், மற்றது மாப்பிள்ளைக்கு என்கிறார். நான் சிரிக்கவில்லை. எனக்கு இருக்கும் மருந்து நாளை மாலை வரை வரும்.

என்னைத் திட்டு. அங்கேயே, நடைமேடையில், யார் பார்த்தாலும் பரவாயில்லை, வாய்விட்டுத் திட்டு. இனிமேல் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி. ஆனால் கிருச்சாவுக்கு வராதே. யாஸ்னேக்கும் வராதே. என்னை அழைத்துப் போகலாம், மாமாவை அழைத்துப் போகலாம் என்று வீர வேஷம் போடாதே, அண்ணன் மகள் அப்படித்தான் நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். யுஹீம் உனக்கு இன்றைக்கே மேற்கே போகும் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நட.

நீ ஆசீர்வாதம் கேட்க வந்தவள். வெறுங்கையோடு அனுப்ப மாட்டேன். மணப்பெண் மூன்று முறை கேட்க வேண்டும், பெற்றவர்கள் மூன்று முறை கொடுக்க வேண்டும், அதுதானே வழக்கம். ரொட்டியும் உப்பும் என் முன்னால் வைத்திருக்கிறேன். கிந்த்ராத் மாமா சாட்சி, கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் பெயரால் பேச எனக்கு இனி யோக்கியதை இல்லை. அத்தையாகப் பேசுகிறேன்.

முதல் முறை: கடவுள் உன்னையும் லுக்யானையும் ஆசீர்வதிக்கட்டும். ஒருவருக்கொருவர் உண்மை பேசுங்கள், அழவைக்கிற உண்மையாக இருந்தாலும்.

இரண்டாம் முறை: கடவுள் ஆசீர்வதிக்கட்டும். ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுத் தூங்கும் வீடு உங்களுக்கு அமையட்டும்.

மூன்றாவதைத் தனித் தாளில் எழுதி மடித்து ஒட்டியிருக்கிறேன். ரயில் மேற்கே கிளம்பிய பிறகுதான் பிரிக்க வேண்டும். அதற்கு முன்னால் பிரித்தால் செல்லாது. இரண்டு ஆசீர்வாதத்தோடு கல்யாணம் செய்துகொள்ள முடியாது என்று உனக்கே தெரியும்.

வசிலினா


(தனித் தாள்)

மூன்றாம் முறை.

ரயில் நகர்ந்துவிட்டதா, கண்ணு? இறங்க முடியாத வேகம் எடுத்துவிட்டதா? இல்லையென்றால் மடித்து வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறு.

கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும். வயதாகுங்கள். நன்றாக, நிதானமாக, பல் விழுந்து வயதாகுங்கள்.

இனி ஒன்றே ஒன்று. நாளைக்கு எனக்கு எது ஆனாலும், யார் என்ன செய்தி சொன்னாலும், எந்தப் படம் காட்டினாலும், என்னைத் தேடிக்கொண்டு நீ கிருச்சாவுக்கு வரக் கூடாது. எனக்குச் சிலுவை வேண்டாம், வர்ணம் வேண்டாம். "சரி அத்தை" என்று இப்போதே சொல். மனதுக்குள் இல்லை. பெட்டியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி, உரக்கச் சொல்.